அக்கா பார்க்காத நாரைகள்

போன மாதம் நாம் பழைய பள்ளித் தோழிகள் எல்லோரும் ஓட்டலில் கூடினோமே, அப்போது மெனு கார்டு வந்ததும் மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் துழாவினோம். அதைப் பார்த்து நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் மட்டும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன் என்று கேட்டீர்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் இட்லி ஆறிப்போகும், சாம்பாரில் என் கண்ணீர் விழும் என்று பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது வீட்டில் யாரும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவை உங்களில் இரண்டு மூன்று பேருக்கு ஞாபகம் இருக்கலாம். என்னை விடப் பத்து வயது பெரியவள். அப்போது நாங்கள் பெங்களூர் அல்சூரில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். அப்பாவுக்கு விதான சௌதாவில் சர்க்கார் வேலை. அக்கா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். அதுவரை அவளுக்குத் தூரப் பார்வை சரியில்லை என்று வீட்டில் யாருக்குமே தெரியாது. அவளுக்கே தெரியாது. உலகம் எல்லோருக்கும் அப்படி மசமசவென்றுதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே பாஸ் செய்து வந்தவளை, பாட்டனி மிஸ்தான் கண்டுபிடித்துக் கண் டாக்டரிடம் அனுப்பினார்.

கண்ணாடி வந்த அன்று சாயங்காலம் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். தடித்த பழுப்பு ஃப்ரேம். மூக்கு மேல் அது நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. ஏரி நடுவில் உள்ள தீவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், அதெல்லாம் கொக்காடி?"

"பின்ன என்னவாம்?"

"யாரோ துணி காயப் போட்டிருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். இத்தனை வருஷமா."

நான் கை கொட்டிச் சிரித்தேன். வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "இனிமே இவளுக்கு எங்கேருந்து மாப்பிள்ளை வருவான்? கண்ணாடி போட்ட பொண்ணுன்னு சொன்னா வாசல்ல இருந்தே திரும்பிடுவாங்களே" என்று அப்பாவிடம் புலம்பியது எனக்குக் கேட்டது. அப்பா பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சங்கடமான பேச்சு எது வந்தாலும் அவர் அப்படித்தான் செய்வார்.

அதற்குப் பிறகு வந்த மழைக்கால முடிவும் குளிர்காலமும்தான் நான் சொல்ல வந்த பருவம்.

பாட்டனி மிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஏரி, காடு, புல்வெளி என்று சுற்றுவார். செடி பார்க்கத்தான் போனார்கள். ஆனால் அக்கா தலையைக் குனியவே இல்லை. மேலேயே பார்த்துக்கொண்டு நடந்து இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தாள். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: தங்கையும் கூடப் போக வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தை கூட இருந்தால் என்ன பாதுகாப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் வீடுகளில் அப்போது எல்லாமே அப்படித்தான், உங்களுக்குத் தெரியாதா என்ன.

எனக்கு அந்த ஞாயிறுகளைக் கண்டாலே வெறுப்பு. இருட்டு பிரியுமுன் எழுப்பி, கம்பளித் தொப்பியை மாட்டி, தூக்குவாளியில் சித்ரான்னத்தை அடைத்து, மெஜஸ்டிக்கில் பஸ் பிடித்து ஓடுவோம். பழைய பள்ளிக்கூட ஷூ கணுக்காலைக் கடிக்கும். தோல் வார் போட்ட மிஸ்ஸின் பைனாகுலர் கை மாறிக் கை மாறி என்னிடம் வரும்போது பறவை பறந்துபோயிருக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று நான் சிணுங்கினால் அக்கா, "கண்ணால பாத்துட்டுச் சொல்லு. என்ன நிறம்? மூக்கு எப்படி? கால் என்ன கலர்?" என்று கேட்பாள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். பைனாகுலர் இல்லாமலே அவள் பெயர் சொல்லிவிடுவாள். நான் பொய்யாக ஊதா மூக்கு என்று இட்டுக்கட்டினால், "அப்படி ஒண்ணு பொறக்கவே இல்ல, சும்னே புருடா விடாதே" என்று தலையில் தட்டுவாள். அலுப்பு தெரியாமல் இருக்க எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

ஆயுத பூஜை கழிந்த வாரம் எங்கள் மொட்டை மாடித் தொட்டியருகே ஒரு வாலாட்டிக் குருவி வந்து குதித்தது. சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு, ஓயாமல் ஆடும் வால். எங்கோ பனிமலைப் பக்கமிருந்து இவ்வளவு தூரம் வந்து எங்கள் வீட்டு ஈரத் துணிக்கடியில் பூச்சி பொறுக்கியது. அக்கா அன்று துணி உலர்த்தவே இல்லை. அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஹெசரகட்டாப் புல்வெளியை இப்போது போய்ப் பார்த்தீர்களானால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாது. அப்போது அது கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்பாகக் கிடந்தது. காய்ந்த புல்லுக்கு வெயில் தாழும்போது ஒரு வாசனை வரும், லேசாக வறுத்த தானிய வாசனை. அந்த வேளையில் பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக வரும். இறக்கையை அசைக்காமல் புல்லின் தலையை உரசுகிற மாதிரி மிதந்து வந்து, திடீரென்று உள்ளே இறங்கி மறைந்துவிடும். இரவு முழுக்கத் தரையிலேயே தூங்குமாம். அக்காவுக்கு அதை நம்பவே முடியவில்லை. "இத்தனை உயரம் பறக்கறது ராத்திரி மண்ணுல படுக்குது பாரேன்" என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவள் மடியில் தூங்கிப்போனேன். அவள் சால்வையில் புல் முள் ஒட்டிக்கொண்டு என் கன்னத்தைக் குத்தியது நினைவிருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் ஹொசகோட்டே ஏரிக்குப் போனோம். தண்ணீரில் கறுப்புக் கறுப்பாக ஏதோ மிதந்தது. மீன்காரர் ஒருவர் பரிசலைத் தள்ளியதும் அந்தக் கறுப்பெல்லாம் ஒரே சமயத்தில் எழும்பியது. ஊசிவால் வாத்துகள். தலைக்கு மேல் அவை சுற்றியபோது எழுந்த சத்தம், பெரிய கல்யாணப் பந்தலில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பட்டுப்புடவையை உதறின மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள்.

"ஏன்க்கா அழற?"

"வருஷா வருஷம் வந்துட்டுதான் இருந்திருக்கும் இல்ல? எனக்குத்தான் தெரியாம போச்சு."

இதற்கெல்லாம் அழுவார்களா என்று அந்த வயதில் எனக்கு எரிச்சலாக வந்தது.

இதற்கிடையில் வீட்டில் இரண்டு வரன்கள் வந்து போயின. இரண்டு பேருமே, கண்ணாடி போட்ட பெண் வேண்டாம், பிறக்கிற குழந்தைக்கும் அது வரும் என்று சொல்லியனுப்பினார்கள். பிரேசர் டவுனில் இருந்த தாய்மாமா அதன் பிறகுதான் தன் மூளையைச் செலவழித்தார். மைசூரில் ஒரு நல்ல குடும்பம், நம்மவர்கள், மூன்று தலைமுறையாக அங்கே. பையன் பாங்க்கில் வேலை. முறைப்படி வீட்டுக்கு வந்து பெண் பார்த்து வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் இரண்டு குடும்பமும் எங்காவது பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி பார்த்துக்கொள்ளலாம். பெங்களூரில் அப்படி லால்பாகிலும் கோயிலிலும் பார்ப்பதுண்டு. மாமா ஒரு படி மேலே போனார்.

"ரங்கனதிட்டுல வெச்சுக்கலாம். அவங்களுக்கும் கிட்ட. நம்ம பொண்ணுக்குப் பறவைன்னா உசிரு. முகம் தானா மலர்ந்து இருக்கும். எப்படி என் ஐடியா?"

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்று நடுவில் தீவுகள், மரம் பூராவும் நாரைகள் கூடு கட்டியிருக்கும், படகில் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று மிஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதையே அவள் மறந்துவிட்டாளோ என்று எனக்குத் தோன்றியது. முந்தைய வாரம் முழுக்க அதே பேச்சு.

வாடகைக் காரில் போனோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காபி குடிக்க நிறுத்தியபோது அம்மா அக்காவின் தலையில் பூ வைத்துவிட்டாள். பிறகு இரண்டு கைகளாலும் அவள் முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்தாள்.

"அம்மா!"

"ரெண்டு மணி நேரந்தான்டி. கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் ஆயுசு பூரா போட்டுக்கோ."

"அம்மா, இங்க மட்டும் வேணாம்மா. வேற எங்கயாவது வரச் சொல்லு. லால்பாக் வரச் சொல்லு, கோயிலுக்கு வரச் சொல்லு, நான் கழட்டிட்டே வரேன். இங்க வேணாம்."

அப்பா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா, "அவங்க வந்து காத்திட்டிருப்பாங்க, நேரமாகுது" என்றார். அம்மா கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையின் அடியில் வைத்தாள். என்னிடம், "அவ கையை விடாதே. படி வந்தா சொல்லு" என்றாள். அக்கா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

மைசூர்க்காரர்கள் நல்ல மனிதர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பையனின் அம்மா உருண்டையாக, கலகலவென்று, தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிறவர். "பாம்மா, இங்க என் பக்கத்துல கூத்துக்கோ" என்று அக்காவைப் படகில் தன்னருகே உட்கார வைத்துக்கொண்டார். அக்காவின் மறுபுறம் ஒட்டிக்கொண்டு நான். எதிரே அவர். அவர் என்றால் அத்தான். அப்போது மெலிசாக, பெரிய காதுகளோடு இருந்தார்.

படகு நகர்ந்தது. மரங்கள் வெள்ளை பூத்துக் கிடந்தன. எச்சமும் மீனும் கலந்த ஒரு வாடை. தலைக்கு மேல் அலகை அடித்துக்கொள்கிற தடதடச் சத்தம். பாறை மேல் முதலை ஒன்று வாயைத் திறந்தபடி படுத்திருந்தது. "மொசளே நோடி அம்மா, மொசளே!" என்று படகுக்காரர் இடப்பக்கம் காட்டினார். எல்லோரும் இடப்பக்கம் பார்த்தார்கள். அக்கா வலப்பக்கம் பார்த்துச் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். 

அப்புறம் நான் வழக்கம்போல அவள் காதில் கிசுகிசுக்க ஆரம்பித்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வாயில் தானாக வந்துவிட்டது. "அக்கா, அங்க ஒண்ணு, வெள்ளையா, மூக்கு கரண்டி மாதிரி."

"அது கரண்டிவாயன்டி" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"மஞ்சள் மூக்கு. முதுகுல ரோஸ் கலர்."

"மஞ்சள் மூக்கு நாரை. குஞ்சு இருக்கா பாரு, குஞ்சு அழுக்கு வெள்ளையா இருக்கும்."

"கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல இருக்கு. பாம்பு மாதிரி."

"பாம்புத்தாரா. இப்ப வெளிய வந்து இறக்கையைக் காய வைக்கும் பாரேன்."

அது அப்படியே வெளியே வந்து பாறை மேல் ஏறி இறக்கையை விரித்தது. பையனின் அம்மா கை தட்டினார். "ஏனம்மா இது! அஷ்டு தூரத்துல இருக்கறது எங்களுக்கு வெறும் புள்ளியா தெரியுது. இந்தப் பொண்ணுக்கு மூக்கு, இறக்கை எல்லாம் தெரியுதே! கண்ணுன்னா இது கண்ணு!" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். மகன் பறவைகளைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கரை வந்ததும் மெதுவாக அவளிடம், "உங்களுக்கு எது ரொம்ப பிடிச்சுது?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அவர்கள் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அம்மா கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை மாட்டிக்கொண்டு, "ஒரே ஒரு தடவை திரும்பிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றாள்.

"இருட்டிடும். இன்னொரு தடவை வரலாம். இனிமே மைசூருதானே உனக்கு!" என்றார் மாமா. கார் கிளம்பியது. அக்கா பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆறு எப்போதோ மறைந்துவிட்டது. கரும்புக் காடுதான் தெரிந்தது.

வைகாசியில் கல்யாணம்.

தாலி ஏறினால் போட்டுக்கொள்ளலாம் என்றுதானே அம்மா சொன்னாள். அம்மா, அப்பா, மாமா மூன்று பேருமே அதை மனதார நம்பினார்கள். ஆனால் மைசூர் போன முதல் மாதத்திலேயே, பக்கத்து வீட்டு மருமகளுக்கு வீசிங் இருந்ததை மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதை அக்கா பார்த்தாள். அக்காவின் மாமியாரோ வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் படகுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி, அக்காவின் பெட்டியில் புடவைக்கடியிலிருந்து எங்கள் அல்சூர் வீட்டு அலமாரிக்குத் திரும்பி வந்துவிட்டது.

அப்புறம் அது அங்கேயே இருந்தது. பிரசவத்துக்கு வந்தாலும், கோடை விடுமுறைக்கு வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு அலமாரியைத் திறந்து மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவாள். அத்தான் அழைத்துப் போக வரும் நாளன்று கழற்றி வைப்பாள். வீட்டை விற்றபோது அது எங்கே போனது என்று தெரியவில்லை. பழைய பேப்பரோடு போயிருக்கும்.

மைசூரில் அவளுக்குத் தலைக்கனம் என்று பெயர். எதிரே வருகிறவர்கள் சிரித்தாலும் சிரிக்க மாட்டாள், தெருக்கோடியிலிருந்து கையசைத்தாலும் கண்டுகொள்ள மாட்டாள். எங்கள் அம்மாகூட, "கல்யாணத்துக்கப்புறம் இவளுக்குக் கொஞ்சம் கர்வம் வந்துடுச்சு" என்றாள். கொடுமையைப் பாருங்கள், நாற்பது தாண்டி அவள் ஓரகத்திகள் எல்லாம் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி மாட்டியபோது, கிட்டப் பார்வை தெளிவாக இருந்த அக்கா வெறும் கண்ணால் ஊசியில் நூல் கோத்தாள். "எங்க வீட்டு மருமகளுக்குக் கழுகுக் கண்ணு" என்று அதற்கும் ஒரு பாராட்டு.

வருஷா வருஷம், நாரைகள் கூடு கட்டும் பருவத்தில், அத்தான் அவளை ரங்கனதிட்டுக்கு அழைத்துப் போவார். முதல் முதலாகப் பார்த்துக்கொண்ட இடமாயிற்றே. இரண்டே பேர், படகில். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. அவர் கையை நீட்டி, "அது என்ன?" என்று கேட்பார். சத்தத்தை வைத்து, மாதத்தை வைத்து, அது மரத்திலிருக்கிறதா பாறையிலிருக்கிறதா என்பதை வைத்து அக்கா பெயர் சொல்வாள். அவருக்குப் பறவை ஒன்றுகூடத் தெரியாது. என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

ஒருமுறை நான் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அது. "இன்னும் யாருக்குப் பயந்துட்டிருக்கே? சொல்லித் தொலையேன். அத்தான் என்ன உன்னைத் துரத்தவா போறாரு?"

"பயமெல்லாம் எப்பவோ போச்சுடி" என்றாள். "அவர் அந்தப் படகைத்தான் இத்தனை வருஷமா பத்திரமா வெச்சிட்டிருக்காரு. அதுல உக்காந்திருந்தது பொய்யின்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அம்மா மேல், மாமா மேல், பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. அவர்களும் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். அக்கா நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அக்கா போய்விட்டாள். மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் முடிந்துவிட்டது. நான் பெங்களூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கண்கள் மூடி, இமைக்கு மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அத்தான் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காதுகள் மட்டும் இன்னும் பெரியதாகத் தெரிந்தன.

"கண்ணைக் குடுத்துட்டேம்மா" என்றார். "டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டேன். எழுபது வயசுல கண்ணாடி போடாத கண்ணு, அதை எப்படி நெருப்புல போடறது? மனசு வரல."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"யாரோ ரெண்டு பேருக்கு வெச்சிருக்காங்களாம். அவங்களுக்கு நல்லாத் தெரியுமில்ல?"

"தெரியும் அத்தான். அவளை விட நல்லாவே தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "அவளை விடவா? அது மட்டும் நடக்காது" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.